முன், பின்

சனிக்கிழமை, இருட்டோடு கடை திறந்துவிடும்.
டோன் எர்மோஹெனெஸ் வெல்வெட்டை விரிப்பார், கருநீலம்.
நான் விளக்கைச் சாய்ப்பேன்.
தொப்பியில் குத்துகிற தங்க மயில், ஒன்று.
சால்வை ஊசி, ஒன்று.
தொங்கட்டான் ஒரு ஜோடி;
ஒவ்வொன்றிலும் பதினொரு முத்து.
அளவுகோலோடு ஒரு படம்,
அளவுகோல் இல்லாமல் ஒரு படம்.
படிவத்தில் இதற்குப் பெயர் ‘முன்’.

அழகுக்காக என்னை யாரும் கூப்பிடுவதில்லை.
வாடகை நகை திரும்பி வரும்போது
கல் உதிர்ந்ததா கொக்கி வளைந்ததா என்று
வாய்ச்சண்டை வராதிருக்க
என் கேமரா சாட்சி.
சாட்சிக்குக் கூலி, படக்கணக்கில்.

பசிலியா கொண்டோரி வந்தாள்.
வாரம் முழுக்க ரொட்ரிகெஸ் சந்தையில்
பனியில் உறையவைத்து மிதித்து உலர்த்திய
உருளைக்கிழங்கை மூட்டையாய் விற்பவள்.
அங்கே அவள் மார்பில் ஒரே ஓர் ஊக்கு,
அதில் சாவி, கடன் சீட்டு, ஓட்டைக்காசு.
தராசுக் கொக்கியில் சிவப்பு நூல்,
கண்ணேறுக்கு.
அதையெல்லாம் எடுத்திருக்கிறேன்,
கூலி இல்லாமல்.

இன்று பாவாடைமேல் பாவாடை, கதவில் நுழையவில்லை.
இரட்டைப் பின்னலின் நுனியில்
கருங்கம்பளிக் குஞ்சம்.
‘இதை எடு’ என்றாள்.
‘இது ஒன்றுதான் திருப்பித் தர வேண்டாதது.’
ம், என்றேன்.

அவளுக்கு இடப்புறம் ஓரடி தள்ளி ரூஃபினோ,
கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் துப்பாக்கி.
காவல் தங்கத்துக்கு, அவளுக்கல்ல.
தங்கம் சுழன்றால் அவனும் சுழல வேண்டும்.
பித்தளை வாத்தியங்கள் லா பாஸ் மலைச்சரிவில்
முட்டி மோதி எதிரொலிக்க,
முதல் மடக்கு பீரை மண்ணுக்கு ஊற்றிவிட்டு
அவள் அணி கிலுகிலுப்பையோடு
ஒரு பெரிய மிருகம்போல் அசைந்து இறங்க,
ஓரமாய் ஒருவன்
ஆடத் தெரியாமல் ஆடிக்கொண்டு வந்தான்.

பகல் பூராவும் அவனை வெட்டி வெட்டியே எடுத்தேன்.
எவ்வளவு வெட்டினாலும்
ஒரு முழங்கை,
ஒரு காது,
ஒரு பூட்ஸ் முனை.

நள்ளிரவு. வெல்வெட். ‘பின்’.
மயில், சரி. ஊசி, சரி; பீர் வாடை.
இடது தொங்கட்டானில் பத்து.

டோன் எர்மோஹெனெஸ் மறுபடி எண்ணினார்,
பத்து.
வலது காதின் பதினொன்றை எண்ணி
இரண்டையும் கூட்டிப் பார்த்தார்,
கூட்டினால் வந்துவிடுமென்பதுபோல்.

ஊர்வலப் படங்களில் தேடினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டில், தார்ச்சாலையில்,
தூவிய காகிதத் துணுக்குகளுக்கு நடுவே
ஒரு வெள்ளைப் புள்ளி.
மேலே பாதி இறங்கிய ஒரு பூட்ஸ்.
பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
நான்கு சாம்பல் கட்டங்கள்.
காகிதமும் அப்படித்தான் இருக்கும், முத்தும்.

அப்புறம் அந்தக் கை
குனிந்ததா, பைக்குள் போனதா?
அன்றைக்கு முதல் தடவையாய்
அவனை முழுசாய்த் தேடினேன்.
இருநூற்றுப் பதின்மூன்றில் அவன் இல்லை.
பதினான்கில் இல்லை.
என்னிடம் இருந்தது பூட்ஸ் மட்டும்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
தெளிவில்லை.

திங்கள் காலை சந்தைக்குப் போனேன்.
முன்பணம் போய்விட்டதே என்றேன்.
இடது காதுமடல் வீங்கி,
துளையில் சாக்கு நூல் செருகியிருந்தாள்.
‘போகட்டும், அதுக்கும் ஆட ஆசை’ என்று
ஒரு கிழவருக்கு இரண்டு கிலோ நிறுத்தாள்.
‘என் குஞ்சம் எங்கே? படத்தைக் காட்டு.’

எடுக்கவே இல்லை.
பட்டியலில் இல்லை என்று விட்டுவிட்டேன்.
இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லக்
கூச்சமாயிருந்தது.
‘திரும்பு’ என்றேன்.

தராசை விடாமலே முதுகைக் காட்டினாள்.
முந்தாநாள் பின்னல், இன்னும் அவிழ்க்கவில்லை.
இடது குஞ்சத்தின் கம்பளிக்குள்
வெள்ளையாய் ஏதோ ஒன்று,
காகிதமாயிருக்கும்.

கிட்டே போகாமல்,
நின்ற இடத்திலிருந்தே எடுத்தேன்.